கோரைமுனையின் பதினான்கு புள்ளிகள்

5 பிப்ரவரி 2024, திங்கள்

பாளையங்கோட்டையில் பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் மாறி, கோரைமுனையில் வந்து இறங்கும்போது மணி மூன்று. இடுப்பு கழன்றுவிட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு இதே பயணத்தை முடித்த கையோடு கடலில் இறங்கியிருக்கிறேன். இன்று நேராகக் கட்டிலுக்குப் போனேன்.

தங்கியிருப்பது பழைய ஐஸ் கம்பெனியின் மாடி அறை. குழாயில் வருகிற தண்ணீரில் சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. குளித்துவிட்டு வந்தால் குளிக்காத மாதிரியே இருக்கிறது. நாளை ஒரு குடம் நல்ல தண்ணீருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். 1998இல் எங்கள் நிறுவனம் இந்தக் கரைக்கு ஒரு வரைபடம் போட்டது. கடலடியில் எங்கே தாழை, எங்கே பார், எங்கே வெறும் மணல் என்று காட்டிய முதல் படம் அதுதான். தாழை என்று இங்கே சொல்வது கடலுக்கு அடியில் வளரும் புல்லை. ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வது அதைத்தான். பார் என்பது பவளப் பாறை. ஆராய்ச்சியாளர் சபாபதி, படம் வரைந்தவள் சுகிர்தா, அதாவது நான். இரண்டு பேருமாக முங்கி நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளைக் கண்ணால் பார்த்து எழுதினோம்.

இப்போது செயற்கைக்கோள் படங்களை வைத்துப் புதிதாகப் போடுகிறார்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, எது அழிந்திருக்கிறதோ அங்கே பாதுகாப்பு வளையம் போடப் போகிறார்கள். பழைய தாள்களில் இருக்கிற என் கோழிக்கிறுக்கல் யாருக்கும் புரியவில்லையாம். அதனால் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருந்தவளைக் கூப்பிட்டார்கள்.

சபாபதி போய் இரண்டு வருஷமாகிறது. புதுப் படத்தொகுப்பை அவனுக்குக் காணிக்கையாக்குகிறார்கள். முதல் பக்கத்தில் அவன் முகம் வரும். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அதற்காகத்தான் வந்தேன் என்றே சொல்லலாம்.

6 பிப்ரவரி, செவ்வாய்

திட்டத்தின் பொறுப்பு டாக்டர் பர்வீனிடம். கீழக்கரைப் பெண், வயது முப்பத்தொன்று. பேச்சுக்குப் பேச்சு என்னை மேடம் என்கிறாள். அவளுடைய மடிக்கணினியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நாங்கள் ஆறு மாதம் மைப்பேனாவால் புள்ளி புள்ளியாகக் குத்தியதை அது டீ ஆறுவதற்குள் போட்டுவிடுகிறது. ஆனால் அந்தச் சதுரச் சட்டம் மட்டும் மாறவே இல்லை. அதே அரை மீட்டர், அதே பிளாஸ்டிக் குழாய். செயற்கைக்கோள் என்ன சொன்னாலும் கடைசியில் ஒரு ஆள் முங்கி, சட்டத்தைக் கடலடியில் போட்டு, உள்ளே எத்தனை பங்கு தாழை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரத்தான் வேண்டும்.

பழைய படத்தைப் புதியதன் மேல் வைத்து நகர்த்தினாள். பெரும்பாலும் ஒத்துப்போனது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பிறகு கரைக்கும் எதிரே இருக்கிற தீவுக்கும் நடுவே, வடக்கு ஓரத்தில் வந்து நின்றாள். அங்கே பதினான்கு புள்ளிகள். பழையதில் அடர்த்தியான பச்சை, எழுபது சதவீதத் தாழை. புதியதில் மஞ்சள், சுத்த மணல். அந்த வருஷத்துச் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தை மேகம் மறைத்திருந்தது. ஆகவே 98இல் அங்கே என்ன இருந்தது என்பதற்கு எங்கள் தாள் ஒன்றுதான் சாட்சி.

"ஒரு மேய்ச்சல் நெலமே போயிருக்கு மேடம். யாருக்கும் தெரியாமலே போயிருக்கு" என்றாள் பர்வீன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்.

வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

9 பிப்ரவரி, வெள்ளி

தை அமாவாசை. ராமேஸ்வரம் போகிற பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிகிறது. எனக்குக் கடலில் வேலை.

பாசி எடுக்கிற பெண்களோடு போனேன். பர்வீன்தான் அனுப்பினாள், அவர்கள் போகிற வழியைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லி. பன்னிரண்டு பெண்கள், இரண்டு வத்தைப் படகு. தலைவி பஞ்சவர்ணம். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும், அக்கா என்று கூப்பிடுகிறாள். படகில் உட்கார்ந்தபடியே எல்லாரும் பழைய சேலைத் துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டார்கள். பாறையில் சுரண்டும்போது தோல் போய்விடுமாம். இடுப்பில் வலைப்பை, கண்ணுக்குக் கண்ணாடி, அவ்வளவுதான் உபகரணம். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மிச்ச நாளில் பாசி வளரட்டும் என்று அவர்களே கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு. மீறிப் போகிறவளின் பையை ஊர்ப் பெண்கள் கரையில் கவிழ்த்துவிடுவார்களாம்.

வடக்கு ஓரத்தில் வத்தையை நிறுத்தி நங்கூரம் போட்டார்கள். இடம் காட்டும் கருவியைப் பார்த்தேன். அதே பதினான்கு புள்ளிகளின் நடு மையம். குனிந்து பார்த்தால் அடியில் மணல் பளீரென்று தெரிந்தது. இங்கே முன்பு தாழை இருந்ததா என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டேன். ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"இங்கிட்டா? இது எங்க நங்கூரக் கெடப்புக்கா. எங்காத்தா காலத்துலயும் மணலுதான். தாழை இருந்தா நங்கூரம் போடுவமா, வேரோட பேத்துக்கிட்டுல்ல வந்துரும்" என்றாள்.

தாழை அழிந்த இடம் வேறு என்றும் சொன்னாள். தீவுக்குத் தெற்கே, இழுவைமடி போடுகிற பெரிய போட்டுகள் வந்து சுரண்டிய இடம். அங்கே நாலு வருஷமாக ஒரு ஆவுளியாகூடத் தலைகாட்டவில்லையாம். அதைப் படத்தில் காட்டுகிறீர்களா என்று கேட்டாள். தெற்கே 98இல் நாங்கள் போகவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கு இல்லாத இடத்தில் எவ்வளவு அழிந்தது என்று அறிக்கையில் எழுத முடியாது. இதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், பார்க்கிறோம் என்று சொல்லி வைத்தேன்.

10 பிப்ரவரி, சனி

துணி துவைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

12 பிப்ரவரி, திங்கள்

சரி, அந்த நாளைப் பற்றி எழுதிவிடுகிறேன். 22 மார்ச் 1998, ஞாயிற்றுக்கிழமை. என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான நாள் எது என்று யாராவது கேட்டால் (யாரும் கேட்கப் போவதில்லை) அதைத்தான் சொல்வேன்.

வடக்கு ஓரத்துப் பதினான்கு புள்ளிகள்தான் பாக்கி. போகிற வழியில் நீர் வற்றி வத்தை தரைதட்டிவிட்டது. பக்கத்தில் ஒரு மணல் திட்டு, இரண்டு வீட்டு முற்றம் அகலம் இருக்கும். சபாபதியும் நானும் அங்கே இறங்கி உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழச் சோறும் கணவாய் வறுவலும் கொண்டுபோயிருந்தோம். அவன் காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு, ஓடுகிற நண்டுகளுக்கெல்லாம் எங்கள் அதிகாரிகளின் பெயரை வைத்தான். பக்கவாட்டில் மட்டுமே நடக்கத் தெரிந்த ஒரு நண்டுக்கு இயக்குநர் பெயர். பாட்டு வேறு பாடினான். அவனுக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. அவித்த கடலையை உரித்து உரித்து எனக்குக் கொடுத்துக்கொண்டே, "ஏய் சுகி, ஒன் பென்சிலுக்கு மட்டுந்தான் இந்தக் கடல் அடங்குது" என்றான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நீர் ஏறும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. புள்ளிகளுக்குப் போகவில்லை. கரைக்கு வந்து, முந்தைய வரிசையில் இருந்த எண்களைப் பார்த்துப் பதினான்குக்கும் போட்டோம். பக்கத்து வரிசையில் எழுபது என்றால் இங்கேயும் அதைச் சுற்றித்தானே இருக்கும். இரண்டு பேருமாகச் செய்ததுதான். அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போய்விடும் என்று அப்போது தோன்றியது.

14 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். இங்கே பக்கத்தில் எங்கள் சபைக் கோயில் இல்லை. அறையிலேயே வேதம் வாசித்தேன். நாற்பது நாளைக்கு மீன் கிடையாது. கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு லெந்து நோன்பு அனுசரிப்பது பெரிய சோதனைதான்.

பர்வீன் அறிக்கையின் முன்வரைவைக் காட்டினாள். இந்த வருஷம் ஒரே ஒரு இடத்துக்குத்தான் பாதுகாப்பு வளையம் போட முடியும். அது வடக்கு ஓரம் என்று முடிவாகியிருக்கிறது. தாழை அழிந்ததற்குக் காரணம், தொடர்ந்து பாசி எடுப்பதும் நங்கூரம் போடுவதும் என்று எழுதியிருக்கிறாள். வளையத்துக்குள் யாரும் படகை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. 26ஆம் தேதி ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டிக் கையெழுத்தாகும்.

அங்கே நிறுத்தாமல் அந்தப் பெண்கள் பாருக்குப் போக முடியாது. இல்லையென்றால் தீவைச் சுற்றித்தான் போக வேண்டும். கச்சான் என்கிற மேல்காற்றில் வத்தை அந்தப் பக்கம் தாங்காது. அது பர்வீனுக்கும் தெரியும். பாவம்தான், ஆனால் அவர்களாகத்தானே அழித்தார்கள் என்றாள்.

நான் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தேன். நாலு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது.

16 பிப்ரவரி, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் அறிக்கையை அனுப்பப் போன பர்வீனை நிறுத்தி, அந்தப் பதினான்கு புள்ளிகளுக்கும் நாங்கள் போகவில்லை, பக்கத்து வரிசை எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டோம் என்றேன். நாங்கள் என்றால் யார் என்று கேட்டாள். சபாபதியும் நானும் என்றேன். நீர் வற்றிய கதையையும் மணல் திட்டையும் சொன்னேன். சொல்லும்போது சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

படத்தில் அந்தப் பதினான்கையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மற்ற முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகளை எதை வைத்து நம்புவது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மற்றவை சத்தியம் என்றேன். சத்தியத்தை அறிக்கையில் எந்தப் பத்தியில் போடுவது மேடம் என்றாள்.

17 பிப்ரவரி, சனி

காணிக்கைப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நிறுவனத்திலிருந்து காலையிலேயே பர்வீனுக்குச் செய்தி வந்துவிட்டது. பார்க்காத இடத்தை எழுதினவரின் பெயரில் எப்படி வெளியிடுவது என்று கேட்டார்களாம். அவருடைய பழைய வேலைகள் எல்லாவற்றையும் மறுபடி பார்க்கப் போகிறார்களாம். வடக்கு வளையத்தைக் கைவிடவும் இல்லை. தாழை இருந்ததா இல்லையா என்று தெரியாத நிலையில் இருந்ததாக வைத்துக்கொள்வதுதான் பத்திரம் என்கிறார்கள். ஆக நான் சொன்னதால் பஞ்சவர்ணத்துக்கும் விடிவு இல்லை, சபாபதி பெயரும் கெட்டது.

மத்தியானம் விசாலாட்சி கூப்பிட்டார்கள், சபாபதியின் மனைவி. காரைக்குடியில் இருக்கிறார்கள். மூன்றே முறைதான் பார்த்திருக்கிறேன், ஒன்று அவர்கள் கல்யாணத்தில், கடைசியாக இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சாவு வீட்டில். அவர்களிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"அவுக அப்படிச் செய்யிற ஆளா சுகிர்தா? கூடவே இருந்தவுக நீங்க. சுகிர்தா முங்காத எடத்த எழுத மாட்டாள்னு புதுசா வர்ற பிள்ளைககிட்டயெல்லாம் ஒங்களத்தான் சொல்லுவாக. அப்படிச் சொன்னவுக பாக்காம எழுதுவாகளா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

19 பிப்ரவரி, திங்கள்

பழைய தாள்களின் நகல் பர்வீனின் கணினியில் இருக்கிறது. அவள் சாப்பிடப் போன நேரம் 22 மார்ச் தாளைத் திறந்து பார்த்தேன். பதினான்கு வரி. எழுபது, எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு, எழுபது. பொய்யென்று தெரியாதபடி ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்திருக்கிறேன். எல்லாம் என் கையெழுத்து. பார்த்தவர் என்கிற கட்டத்தில் சபாபதி, சுகிர்தா என்று இரண்டு பெயர். அதுவும் என் கையெழுத்து. அடியில் அவன் சுருக்கொப்பம். அது மட்டும் மறுநாள் தேதியில்.

அவன் அன்று படகில் இல்லை. இதை இந்த நோட்டில்கூட எழுத எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவன் காரைக்குடிக்குப் பெண் பார்க்கப் போய்விட்டான். சனிக்கிழமை மதியம்தான் என்னிடம் சொன்னான். அப்பா வற்புறுத்துகிறார், இரண்டு நாள்தான், பதினான்கு புள்ளிகளை நீ பார்த்துவிடுகிறாயா என்றான். அதற்கென்ன, போய்ட்டு வா, பொண்ணு செவப்பா கறுப்பான்னு வந்து சொல்லு என்று கேலி செய்தேன். நன்றாகவே நடித்திருக்க வேண்டும். காலையில் படகுக்காரரிடம் என்னைத் திட்டில் இறக்கிவிட்டு மீன்பிடிக்கப் போகச் சொன்னேன். அங்கே பகலெல்லாம் உட்கார்ந்து அழுதேன். சட்டத்தைத் தண்ணீரில் நனைக்கக்கூட இல்லை. சாயங்காலம் வந்து பதினான்கு வரியையும் எழுதினேன்.

எலுமிச்சம்பழச் சோறு அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு தீவில் சாப்பிட்டது. நண்டுக்குப் பெயர் வைத்தது பிப்ரவரியில். கடலை உரித்துக் கொடுத்தது ராமநாதபுரம் பஸ் நிலையத்தில், அதுவும் கூட இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாம் நடந்தவைதான், அந்த நாளில் நடந்தவை இல்லை. பக்கத்து நாட்களிலிருந்து எடுத்து அந்த நாளுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அது எனக்கே நிஜமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பர்வீனிடம் சொன்னபோது நான் பொய் சொல்வதாகவே எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

20 பிப்ரவரி, செவ்வாய்

காய்ச்சல் மாதிரி இருந்தது. கஞ்சி வைத்துக் குடித்தேன்.

21 பிப்ரவரி, புதன்

பர்வீனிடம் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். அன்று அவர் வரவில்லை, நான் மட்டுமே போனேன், நான் இறங்கவில்லை, தவறு முழுவதும் என்னுடையது என்று.

அவள் இரண்டு தடவை படித்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும்னீங்க. இன்னைக்கு அவர் இல்லவே இல்லங்கறீங்க. தாள்ல அவர் பேர் இருக்கு. அவரக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்கன்னுதான் ஆபீஸ்ல நெனைப்பாங்க மேடம். நானும் அப்படித்தான் நெனைக்கறேன்" என்றாள்.

இத்தனை வயதில் முதல்முறையாக முழு உண்மையைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. படகுக்காரர் சவரிமுத்து இறந்து பத்து வருஷம் ஆகிறது. அன்று சபாபதி எங்கே இருந்தான் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம், விசாலாட்சி. அவர்களிடம் போய்க் கேட்பதைவிட அந்தக் கடலிலேயே இறங்கிவிடலாம் என்று இருக்கிறது.

22 பிப்ரவரி, வியாழன்

கேட்டுவிட்டேன். காலை டிபனுக்கு முன்பே விசாலாட்சிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன், தைரியம் போவதற்குள்.

1998 மார்ச் 22ஆம் தேதி சபாபதி எங்கே இருந்தார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா என்றேன். விசாலாட்சி அடுப்படியில் இருந்தார்கள் போலிருக்கிறது. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு, அது நான் மறக்கிற தேதியா என்றார்கள். ஏன் கேட்கிறேன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. அவர் போனதால் நான் தனியாகப் போனேன், முங்காமலே எழுதிவிட்டேன் என்கிற அளவுக்குச் சொன்னேன். ஏன் முங்கவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை தானே நேரில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

24 பிப்ரவரி, சனி

பௌர்ணமி. பெண்கள் கடலுக்குப் போனார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

26 பிப்ரவரி, திங்கள்

கூட்டம் சமுதாயக் கூடத்தில். நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். துறை அதிகாரி ஒருவர், பர்வீன், கடைசி வரிசையில் காரைக்குடியிலிருந்து வந்த விசாலாட்சி. கத்தரிப்பூ நிறச் சேலை. தலை நன்றாக நரைத்துவிட்டது.

பர்வீன் வடக்கு ஓரத்தைப் பற்றி ஆரம்பித்ததும் நான் எழுந்தேன். பேச அனுமதி கேட்டிருந்தால் உட்கார்ந்திருப்பேன், அதனால் கேட்கவில்லை.

"இந்தப் பச்சை நான் போட்டது. அன்னைக்கு சபாபதி சார் படகுல இல்ல. நான் மட்டுந்தான் போனேன். நான் கடல்ல எறங்கவே இல்ல. பாக்காமலே எழுபதுன்னு எழுதினேன். இவங்க மணல்னு சொல்றதுதான் சரி."

பஞ்சவர்ணம் எழுந்து, ஏன் இறங்கவில்லை என்று கேட்டாள். விசாலாட்சி இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை. மனசு சரியில்லை, அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

"ஒரு நாளு அழுததுக்கு எங்க பொழப்பையில்ல எழுதிப்புட்டீக அக்கா" என்றாள் பஞ்சவர்ணம். சத்தம் போடாமல் சொன்னாள்.

அதிகாரி, இதற்கு என்ன ஆதாரம் என்றார். அப்போதுதான் விசாலாட்சி எழுந்தார்கள். அன்றைய தினம் பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை தன் கணவர் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்றும், அன்றுதான் தன்னைப் பெண் பார்த்தார் என்றும், தேதியை அப்பா சுவரிலேயே எழுதி வைத்திருந்தார் என்றும் சொன்னார்கள்.

வடக்கு வளையத்தைக் கைவிட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் பஞ்சவர்ணத்தின் ஆட்களோடு தெற்குப் பக்கத்தை அளக்கப் போகிறார்கள். அங்கே தாழை மிச்சம் இருந்தால் இழுவைப் படகுகள் வராதபடி அந்த வளையத்தை அங்கே போடுவார்கள். 98ஆம் வருஷத்துப் புள்ளிகளில் பத்துக்கு ஒன்றை மறுபடி முங்கிப் பார்ப்பார்கள். சபாபதியின் காணிக்கைப் பக்கம் திரும்பி வரும். என் பெயர் எங்கும் வராது, என் வேலை இன்றோடு முடிந்தது. பர்வீன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுட்டுப் போங்க மேடம் என்றாள். அது மட்டும் எதிர்பாராதது.

கார் வருகிற வரைக்கும் விசாலாட்சியும் நானும் கரையில் நின்றோம். நன்றி சொன்னேன். இதில் நன்றி என்ன இருக்கிறது, நடந்ததைச் சொன்னேன் என்றார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர்களாகவே லேசாகச் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள்.

"அன்னைக்கு எங்கப்பாவுக்கு அப்படிக் கோவம். ரெண்டு நாளு தங்குறதா ஏற்பாடு. மறுநாளு எங்க பெரியப்பா வீட்டுல விருந்து வேற. பஜ்ஜிய வாயில வைக்கங்குள்ள இவுக கெளம்பி நிக்கிறாக. சாயங்கால பஸ்ஸுக்குப் போகணுமாம். கேட்டா, கடல்ல பதினாலு புள்ளி பாக்கி கெடக்கு, சுகிர்தாவத் தனியா விட்டுட்டு வந்துட்டேன், நாளைக்குக் காலையில ரெண்டு பேருமாப் போயி முடிச்சாத்தான் எனக்குச் சரியா வரும்கிறாக. என்ன மாப்பிள்ளை இவருன்னு வீடே பேசுச்சு."

கார் வந்தது. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதில் எதையும் நான் சேர்க்கவில்லை. காலை ஏழு மணி இருக்கும். கதவைத் தட்டினான். பஸ்ஸில் வந்த கசங்கின சட்டை. முங்குகிற கண்ணாடி அதற்குள் கழுத்தில் தொங்கியது, கையில் சட்டம். சம்மதம் சொல்லிவிட்டு வந்த சந்தோஷத்தில் துள்ளுகிறான் என்று நினைத்தேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"பதினாலும் பாத்துட்டியா?" என்றான்.

"முடிச்சாச்சு" என்றேன்.

தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். எல்லாமா என்று மறுபடி கேட்டான். எல்லாம்தான் என்றேன். கடமைக்காக ஓடி வந்தானா, எனக்காக வந்தானா, தெரியாது. பாக்கி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். அவன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். பிறகு அடியில் சுருக்கொப்பம் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டீ குடிக்கப் போனான். அன்றைக்குக் காற்றே இல்லை. கடலடி கரையிலிருந்தே தெரிந்தது.